சொல்லாமல் விட்ட சுற்றுநிருபம்

அரச கந்தோர் ஒன்றின் தாபனக் கிளையில் முப்பத்தொரு வருடம் இருந்த எனக்கு, ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது எவ்வளவு நீளமான காரியம் என்று தெரியும். குற்றப்பத்திரம், விளக்கம், விசாரணை, மேன்முறையீடு என்று போய், முடிவு வருவதற்குள் ஆள் பென்சனில் போய்விடுவார். மன்னாரில் கிளை திறந்திருந்த தொழில்நுட்பக் கம்பனி அதற்கு ஒதுக்கியது ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

நான் ஓய்வுபெற்ற கையோடு ஆள் சேர்க்க என்னைப் பிடித்தது அந்தக் கம்பனிதான். அரச உத்தியோகத்தில் இருந்த ஒருத்தி சொன்னால் இந்த ஊர்த் தாய் தகப்பன் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று கொழும்பில் யாரோ சரியாகக் கணித்திருந்தார்கள். நாற்பத்தொரு பேரை எடுத்தேன். வெளிநாட்டுத் தெருக்களின் படங்களில் கார், சைக்கிள், நாய் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கணினியில் கோடு கீறுவது வேலை. நன்றாகவே கீறினார்கள். இரண்டரை வருடத்தில் இயந்திரம் தானாகக் கீறப் பழகிவிட்டது.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு நீண்ட மின்னஞ்சல். நாற்பத்தொரு பேரையும் வேலைக்கு எடுத்தவரே வீட்டுக்கு அனுப்பினால் சுமுகமாக இருக்குமாம். நான் வாசிக்கவேண்டிய வசனங்கள், அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள். மன்னிப்புக் கேட்கக் கூடாது. மேசையில் ஒரு டிஷு பெட்டி இருக்கவேண்டும். கடைசியில் எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டிய கடிதம்: சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். எழுத்தில் சம்மதம் கிடைக்காவிட்டால் கம்பனி தொழில் ஆணையாளரிடம் போய் அனுமதி கேட்கவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போய் அந்த மேசையில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்குள் பதினாறு பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அழுதவர்கள் குறைவு. பக்கத்துத் தாராபுரத்திலிருந்து வருகிற ஒருவன் டிஷு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுவும் கம்பனிச் சாமானோ மிஸ், இல்லாட்டிக் கொண்டுபோகலாமோ?"

கொண்டுபோகச் சொன்னேன்.

பதினேழாவதாக வந்தவள் பள்ளிமுனைக்காரி. கணவன் கடலுக்குப் போகிறவன், இரண்டு பிள்ளைகள். கம்பனிக்கு வருமுன் வேறொரு அரச கந்தோரில் முகாமைத்துவ உதவியாளராக நிரந்தர நியமனத்தில் இருந்தவள். நேர்முகத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வரச் சொன்னது நான்தான்.

"எடுத்ததும் நீங்கள், அனுப்புறதும் நீங்கள். வேற ஆள் கிடைக்கேல்லயோ மிஸ்?"

"என்னைவிட மலிவா ஒருத்தரும் கிடைக்கேல்லப் போல."

அவள் சிரிக்கவில்லை. தாளில் இருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் மறித்தாள்.

"அதை விடுங்கோ. ஆள் குறைக்கப் போகினம் எண்டு கதை வந்தவுடன பழைய கந்தோருக்குப் போனனான், திரும்ப எடுப்பினமோ எண்டு கேக்க. நான் விட்ட நேரம் சம்பளமில்லாத லீவு எண்டு ஒண்டு குடுத்தவையாம். அஞ்சு வருசம் வெளியில வேலை செய்துபோட்டு வந்து அதே கதிரையில இருக்கலாமாம். உண்மையோ?"

"ஓம்."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமோ?"

கொழும்பு அனுப்பிய கேள்விகளில் இது இல்லை.

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்ல?"

நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், அரசாங்கம் செலவைக் குறைக்க வெளியிட்ட சுற்றுநிருபம் அது. சேவையின் கடைசி மாதங்களில் அதைப் பிரதி எடுத்துக் கிளை கிளையாகக் கொடுத்தவள் நான். ஆனால் விண்ணப்பம், சிபாரிசு, அனுமதி என்று அது இரண்டு மூன்று மாதம் இழுக்கும். கம்பனிக்கு இரண்டு கிழமையில் ஆள் வேண்டும். இராஜினாமா என்றால் வேகம். வந்தவர்களில் கெட்டிக்காரி அவள், விட மனமில்லை. இவ்வளவையும் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"நீங்கள் கேக்கேல்லயே."

கவுண்டரில் முப்பத்தொரு வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வசனம்.

"தெரிஞ்சாத்தானே மிஸ் கேக்கிறதுக்கு. தெரிஞ்ச ஆள் எண்டுதானே உங்களிட்ட வந்தனான்." குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்க வைக்கிறது?"

"வைக்காதீங்கோ. வச்சா நீங்களாப் போனதாத்தான் வரும். வைக்காட்டி அவை தொழில் கந்தோரில போய்க் காரணம் சொல்லவேணும்."

"இதையாவது கேக்காமச் சொல்லுறீங்கள்" என்று கடிதத்தைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

மிச்சம் இருபத்துநான்கு பேருக்கும் அதையே சொன்னேன். காலையில் வைத்தவர்களுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர்களுக்கு அது பிந்திய செய்தி. பின்னேரம் கொழும்பிலிருந்து அழைத்து என் ஒப்பந்தம் முடிந்ததென்றார்கள். எனக்குப் பன்னிரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அந்தக் கிழமையே அவள் வீட்டுக்குப் போய், மீள நியமிக்கும்படி ஒரு மேன்முறையீடு எழுதினேன். ஏற்றுக்கொண்ட இராஜினாமாவைத் திருப்புவது அபூர்வம், மாதக்கணக்காகும், கிடைக்காமலும் போகலாம் என்று முதலிலேயே சொன்னேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. நான் எழுதியதை அவள் வாசித்தாள்.

"'பிழையான ஆலோசனையின் பேரில்' எண்டு போட்டிருக்கிறீங்கள். யாற்ற ஆலோசனை எண்டு கேக்கமாட்டினமோ?"

வாசலில் நின்ற கணவன் சொன்னான்: "கேப்பினம். ஆளையும் கடிதத்தோட சேர்த்துப் பின் அடிச்சு அனுப்பு."

அவன் பகிடிக்குச் சொன்னாலும் நடைமுறைப்படி சரியான யோசனை. இணைப்பாக ஒரு தாள் எழுதினேன். என் பெயர், கடைசியாக வகித்த பதவி, சுற்றுநிருபத்தை அறிந்திருந்தும் விண்ணப்பதாரிக்குச் சொல்லாமல் இராஜினாமாச் செய்யச் சொன்னது நானே என்ற வாக்குமூலம், கையெழுத்து.

அவளுடன் நானும் அவளுடைய பழைய கந்தோருக்குப் போனேன். கடிதத்தை வாங்கிய விடயப் பொறுப்பாளர், ஒருகாலத்தில் என்னிடம் கோப்புக் கட்டப் பழகியவர். நின்றபடியே வாசித்தார். கடைசித் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"மிஸ், இந்த இணைப்பு கட்டாயமில்லை. எடுத்துப்போட்டுத் தந்தாலும் கடிதத்தை வாங்கிக்கொள்ளுவம். உங்கட பேர் மேலிடம் வரைக்கும் போகும்."

"அது இல்லாட்டி அந்தப் பிள்ளை தானா விட்டதா வரும். சீல் அடியுங்கோ."

அடித்தார். பள்ளிமுனைக்காரி பிரதியை வாங்கி மடிக்காமல் உறையில் வைத்தாள்.

கடிதம் இப்போது கொழும்பில் எந்த மேசையில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அடுத்த மேசைக்கு எப்போது போகும் என்பதுதான் தெரியாது. திங்கட்கிழமைகளில் அவள் தொலைபேசி எடுப்பாள்.

"வந்ததோ மிஸ்?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"சரி" என்று வைத்துவிடுவாள். நன்றி சொல்வதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் எடுக்கப் பிந்தினால், பதினொரு மணிக்குப் பிறகு நானே எடுத்து இன்னும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.