படுத்துக்கொள்ளும் வண்டி

ஏலக்காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நின்றுகொண்டு பறிக்க முடியாது. குத்தவைத்தபடியே ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு நகர வேண்டும். செல்வலட்சுமி வண்டன்மேட்டுத் தோட்டங்களில் சிறு வயதிலேயே அப்படி நகரத் தொடங்கினார். முதலில் கூலிக்குப் பறித்தார். வீரபாண்டியைக் கட்டிக்கொண்டு, இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்த பிறகு சொந்தத் தோட்டத்தில் பறித்தார். முழங்கால்கள் தேய்ந்தன. வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கியதில் சிறுநீரகமும் போயிற்று. அறுபதை நெருங்கும் அவருக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் தேனியில் டயாலிசிஸ்.

வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போகும் வழி கல்லும் பள்ளமுமான ஏற்றம். தாழ்ந்த கார் எதுவும் அதில் வராது, அடி தட்டிவிடும். அதனால் பழைய ஜீப்பில்தான் பயணம். ஜீப்பிலிருந்து எப்படியாவது சறுக்கி இறங்கிவிடலாம், ஏறுவதுதான் முடியாது. டிரைவர் முத்துக்காளை பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுக்க, வீரபாண்டி கால்களைத் தூக்கி உள்ளே வைப்பார். வீட்டு வாசலில் அது பரவாயில்லை. தேனியில், நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்து உடம்பு துவண்டு வெளியே வரும்போது, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர்களும் டீக்கடையில் நிற்பவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேலை முழங்காலுக்கு ஏறிவிடும். அதை இழுத்துவிடக்கூட அவர் கையில் தெம்பு இருக்காது.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் செல்வலட்சுமி சொன்னார், "இனி நான் வரல. மூட்ட மாதிரி என்னையத் தூக்கிப் போடுறதுக்கு வீட்லயே கெடந்துட்டுப் போறேன்."

கோபத்தில் சொன்னது என்று வீரபாண்டி நினைத்தார். ஆனால் அடுத்த முறைக்கு அவர் கிளம்பவே இல்லை. மூன்றாம் நாள் முகமும் காலும் வீங்கி, மூச்சு இரைத்த பிறகு, அழைத்துப் போக வேண்டியதாயிற்று. வீரபாண்டி பயந்துவிட்டார். ஜீப்பின் குலுக்கல்தான் மனைவிக்கு ஆகவில்லை என்று அவராகவே முடிவு கட்டினார். அந்த வருடம் காய்க்கு நல்ல விலை. பெரிய வண்டியாக, குலுங்காத வண்டியாக வாங்கிவிடுவது என்று ஆரம்பித்தார். குலுக்கல் இல்லை, உயரம் என்று விளக்கிச் சொல்ல செல்வலட்சுமிக்கு அலுப்பாக இருந்தது. ஒரு தடவை சொன்னது புரியாவிட்டால் மறு தடவை எங்கிருந்து சொல்வது?

முதலில் எர்ணாகுளம் போனார்கள். ஷோரூமில் புத்தம் புதிய ஜப்பான் வண்டி. விற்பனைப் பெண் மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினாள்: திறக்கும் கூரை, குளிரும் சீட், தானாக மூடும் கதவு. வீரபாண்டி மைலேஜ் கேட்டார், தரைக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். பதில் அவருக்குத் திருப்தி. செல்வலட்சுமி கதவைத் திறந்து பார்த்தார். உள்தரை இடுப்பு உயரத்தில் இருந்தது. கதவுக்குக் கீழே இருந்த படியில் ஒரு காலை வைத்தார். முழங்கால் உடம்பை மேலே கொண்டுபோக மறுத்தது. இரண்டு பையன்கள் ஓடிவந்தார்கள். அங்கேயும் தூக்கித்தான் ஏற்றினார்கள். டை கட்டியவர்கள் தூக்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அடுத்தது கோட்டயம். ஒரு டாக்டர் ஓட்டிய ஜெர்மன் வண்டி, புதிதின் விலையில் பாதிக்கும் கீழே. சீட்டே முதுகைப் பிடித்துவிடுமாம். வீரபாண்டி அதில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தார். செல்வலட்சுமி அலுவலகத்து பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழவில்லை. எது கேட்டாலும் நன்றாயிருக்கிறது என்று மலையாளத்தில் "கொள்ளாம்" என்றார். வீடு திரும்பும்போது வீரபாண்டி புதிதா பழையதா என்று முத்துக்காளையோடு வாதாடிக்கொண்டே வந்தார். செல்வலட்சுமி கண்ணைத் திறக்கவில்லை.

மூன்றாவது வண்டி குமுளியில் இருந்தது. தரகர் சிலுவைராஜ் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அன்று மதியம் தேனி போக வேண்டும் என்பதால் இவர்கள் விடிந்ததுமே போய்விட்டார்கள். லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கறுப்பு வண்டி நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. சக்கரங்கள் உடம்புக்குள் புதைந்து, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி கிடந்தது.

"என்னண்ணே, வண்டிக்கு அசதியா? எரும கணக்கா படுத்துக் கெடக்கு," என்றான் முத்துக்காளை.

சிலுவைராஜுக்கு முகம் மாறிவிட்டது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும், ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும் என்று சாவியோடு ஓடினார்.

"சாவியப் போடாதீக," என்றார் செல்வலட்சுமி.

பின் கதவைத் திறந்தார். உள்தரை முழங்காலுக்குக் கீழே இருந்தது. திரும்பி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார். ஒரு காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். பிறகு மற்றதை. யாரும் அவரைத் தொடவில்லை. சேலையைச் சரிசெய்துவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டார்.

வீரபாண்டி அதைக் கவனிக்காமல் சிலுவைராஜைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் உண்மை வந்தது. இந்த வண்டிக்கு வில்பட்டைக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு மேல் காற்றுப் பைகள். அவை ஒழுகுகின்றன. எஞ்சின் ஓடும்போது பம்பு காற்றை நிரப்பித் தூக்கி வைக்கும், நிறுத்திவிட்டால் இறங்கிவிடும். பையை மாற்றிவிட்டால் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், மாற்றியே தருகிறேன் என்றார்.

"அப்ப மாத்தி வையிங்க, பேசுவோம்," என்றார் வீரபாண்டி.

"மாத்த வேணாம்." உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, நாலு மணி நேரம் நிறுத்துனா எம்புட்டு எறங்கும்?"

அந்த வண்டியைப் பற்றி யாரும் சிலுவைராஜிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தார். "இங்கிட்டுன்னா முழுசா எறங்கிரும்க்கா. தேனி வெயிலுக்கு முக்காவாசி."

"அது போதும்."

வீரபாண்டி கதவருகே வந்து குனிந்தார். "இம்புட்டுப் பெரிய வண்டிய வாங்கி நொண்டி வண்டியா நிப்பாட்டுனா ஊர்ல சிரிப்பாய்ங்க புள்ள."

"என்னையத் தூக்குறப்ப மட்டும் சிரிக்கலயா?"

வீரபாண்டி மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஏற்றிவிட்டது யார் என்பது போல முத்துக்காளையைப் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். வீரபாண்டி வெகுநேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு பம்பு எத்தனை நாள் வரும் என்று மட்டும் கேட்டார்.

"ஒழுக ஒழுக ஓடுனா ஒரு மழைக்காலம் தாங்கும்ணே. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்கக் கூடாது."

"எனக்கும் டாக்டர் அதேதான் சொல்லியிருக்காரு," என்றார் செல்வலட்சுமி.

வண்டி வந்த முதல் வாரம். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் அது நான்கு மணி நேரத்தில் நன்றாக இறங்கியிருந்தது. செல்வலட்சுமி கணவரின் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். முத்துக்காளை பழக்கத்தில் கைகளை நீட்டினான். பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர் திரும்பி நின்றார், உட்கார்ந்தார். கால்களை எடுத்து வைக்க நேரம் பிடித்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

எஞ்சினைப் போட்டதும் பம்பு முனகத் தொடங்கியது. முன்பக்கம் எழுந்தது, பின்பக்கம் இன்னும் கிடந்தது. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வரப்போகிறது என்று வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். ஏன் நகராமல் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. எந்திரிச்சதும் போயிர்றோம்," என்றார் வீரபாண்டி.

பின்பக்கம் எழுவதற்குள் செல்வலட்சுமி தூங்கிப்போயிருந்தார்.