அவள் வழியாக ஓடிய எங்கள் நெட்

போன வருஷம், தோட்டங்களில் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். சின்னமனூரில் நானும் என் கணவரும் நடத்தும் இன்டர்நெட் ஆபீசில் நடந்தது இது.

முதலில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தனாரின் மனைவி. மாமனாரின் கேபிள் டிவி தொழிலைப் பாகம் பிரித்தபோது சின்னமனூர் லைன் எங்களுக்கும் உத்தமபாளையம் லைன் அவர்களுக்கும் வந்தது. பிறகு இரண்டு வீடுமே இன்டர்நெட்டுக்கு மாறினோம். நான் பில் போடுவதோடு சரி. அவளோ கம்ப்யூட்டர் படித்தவள். ரவுட்டரில் எதை மாற்ற வேண்டுமானாலும் அவளே உட்கார்ந்து மாற்றிவிடுவாள். "ஒங்க ஓரகத்தி நெட்டு என்னா வேகம்" என்று என் வாடிக்கையாளர்களே என்னிடம் வந்து சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், நன்றாகவே எரியும்.

அதற்குப் பல மாதம் முன்பு ஒருநாள் அவளே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் உள்ள கேமராக்கள் அவள் நெட்டில் ஓடுகின்றன. தோட்டக்காரர்கள் பலரும் எங்கள் ஊரில் இருந்துகொண்டு எங்கள் நெட்டில் பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்ப் படம் சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதால் திக்கித் திக்கித்தான் தெரியும்.

"நம்ம ரெண்டு ஆபீசுக்கும் நடுவுல நேரா ஒரு ஃபைபர் இழுத்துட்டா படம் பட்டுனு வந்துரும்க்கா" என்றாள்.

யோசனை நல்லதுதான். அது எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதுதான் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். கடைசியில் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட வைத்தேன். இந்த ஃபைபரில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ளது மட்டும்தான் ஓட வேண்டும், ஒருவர் லைனில் ஏறி மற்றவர் வெளி இன்டர்நெட்டுக்குப் போகக் கூடாது. அவளுடைய கூட்டம் முழுக்க எங்கள் லைனில் ஏறிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். "ஒங்க இஷ்டம்க்கா" என்று கையெழுத்துப் போட்டாள். ஃபைபரும் இழுத்தாயிற்று.

அப்புறம் வந்தது அந்த நாள். தேனிப் பக்கம் ரோடு வேலையில் பொக்லைன் எங்கள் மெயின் ஃபைபரை அறுத்துவிட்டது. காலையிலேயே எங்கள் கனெக்‌ஷன் எதிலும் நெட் இல்லை. அவளுக்குக் குமுளி வழியாக வேறு லைன், அதனால் அவள் நெட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேபிள் எங்கள் ஊர் எல்லை வரை வந்தும் விட்டிருந்தது. "சாயந்தரத்துக்குள்ள வரலைன்னா ஒங்க ஓரகத்திகிட்ட மாறிருவோம்" என்று ஆளாளுக்குப் போன். அவள் சும்மா இருந்தாலே போதும், எங்கள் பிழைப்பு அவள் கைக்குப் போய்விடும்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேளேன்" என்றார் என் கணவர்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே போன் செய்தாள். "அக்கா, ஒங்க ஆளுகள என் லைன் வழியா வெளிய விடுறேன். அத்தான ரவுட்டர்ல ஒரு மாத்தம் பண்ணச் சொல்லுங்க."

"அதான் ஒப்பந்தத்துல கூடாதுன்னு போட்டிருக்கே" என்றேன். என் வாய் அப்படி.

"போட வச்சது நீங்கதானக்கா. நீங்களே சரின்னு சொல்லுங்க, தொறந்துர்றேன்."

கணவரைக் கூப்பிட்டு ரவுட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "சரி" என்றேன்.

எங்கள் நெட் திரும்பி வந்தது. இரண்டு ஊர்ப் பாரமும் அவளுடைய ஒரே லைனில். காலையிலிருந்து தவித்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்கே முதலில் வழி விட்டிருந்தாள். அவளுடைய வாடிக்கையாளர்கள், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று அவளைத் திட்டியிருக்கிறார்கள். எங்களால்தான் என்று ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை என்று கொழுந்தனார் பிறகு சொன்னார்.

சாயங்காலம் ஒரு தோட்டக்காரர் சிரித்த முகத்தோடு ஆபீசுக்கு வந்தார். "என்னத்தா பண்ணீக, ஒங்க நெட்டு பறக்குதே. இப்படியே வச்சுக்கங்க" என்றார். இத்தனை வருஷத்தில் எங்கள் நெட்டை ஒருவர் வாயாரப் புகழ்ந்தது அன்றுதான். அது அவள் லைன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. பாதி நன்றி, பாதி எரிச்சல்.

அந்த நிபந்தனையை மறுநாளே ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிடச் சொன்னதும் நான்தான். இருவரும் இடம் மாறியிருந்தால் நான் அந்தப் போனைச் செய்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை, அவளுடைய நெட்டின் வேகத்தைவிட, கேட்காமலே அந்தப் போனைச் செய்த அவள் மனசின் மேல்தான் இப்போது எனக்குப் பெரிய பொறாமை.