நீட்டிய குடுக்கை

டாக்டர் நெலிடா அர்ரெச்சேயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பைசாந்து ஊரில் சொல்லாதவர் கிடையாது. வராமல் என்ன செய்யும்? சிறுநீரகம் கெட்டவர்களைத் தலைநகருக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். பாதிப் பேர் சவப்பெட்டியில் திரும்பி வருவார்கள். கசாப்புக்காரர் மகளான நெலிடா தலைநகரில் படித்தாள், பன்றிகளுக்குச் சிறுநீரகம் மாற்றிப் பழகினாள், அங்கே கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தாள். "ஆத்தங்கரை ஊர்ல உறுப்பு மாத்தப் போறாளாம்!" என்று பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

அவளுடைய முதல் நோயாளி ரயில் பட்டறைத் தொழிலாளி இசபெலினோ. சிறுநீரகம் கொடுத்தது அவன் அண்ணன் அப்பாரிசியோ. மேசையிலேயே அது வேலை செய்யத் தொடங்கியது, செவிலியர்கள் அழுதுவிட்டார்கள். ஆஸ்பத்திரி இயக்குநர் மட்டும் அழவில்லை. "இவன் பொழைச்சாத்தான் அடுத்தது. இல்லேன்னா இந்த ஆபரேஷன் அறையைப் பூட்டிடுவேன்" என்றார்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் அடக்கி வைத்திருந்தார்கள். சாதாரணச் சளி போதும், ஆளைத் தூக்கிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது நெலிடா விரலை ஆட்டிச் சொன்னாள்: "டேய், யார் எச்சிலும் உன் வாய்க்குள்ள போகக் கூடாது. மாத்தே கிடையாது. புரியுதா?"

"புரியுது டாக்டரம்மா."

மாத்தே என்கிற இலைத் தேநீர் இல்லாமல் அந்த ஊரில் பொழுது விடியாது. ஒரே சுரைக்குடுக்கை, ஒரே குழல். உறிஞ்சிவிட்டுக் கொடுத்தால், மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவார்கள்.

சீக்கிரமே இசபெலினோ காய்ச்சலும் இருமலுமாகத் திரும்பி வந்தான். நெலிடாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"குடிச்சியா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"எவன்டா குடுத்தான்? பேரைச் சொல்லு, கையை ஒடிக்கிறேன்!"

"அண்ணன்தான்" என்றான் அவன், மூச்சு வாங்க. "என்னை வரவேற்க வீடு நெறைய ஆளுங்க. எங்க மாமா இருமிக்கிட்டேதான் உறிஞ்சினாரு. அடுத்தது என் முறை. தன் வயித்தைக் கிழிச்சுக் குடுத்தவன் குடுக்கையை நீட்டுறான். அத்தனை பேர் முன்னாடி வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

நுரையீரல் முழுக்கச் சளி கட்டி அவன் செத்துப்போனான். இழவு வீட்டில் அப்பாரிசியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் கொன்னேனா டாக்டரம்மா?"

ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"உங்கிட்ட நான் சொல்லலையே. அவன்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். இதே ஊர்ல பொறந்தவ நான், எனக்குத் தெரிய வேணாம்?"

வீட்டுக்குப் போனதும் தன் குடுக்கையைச் சுவரில் அடித்து உடைத்தாள். ஆத்திரம் அடங்கவில்லை.

இயக்குநர் சொன்னபடியே அறையைப் பூட்டினார். ஒருநாள் காலை நெலிடா அப்பாவின் கசாப்புக் கோடாலியோடு வந்து நின்றாள். "சாவி தர்றீங்களா, பூட்டை உடைக்கட்டுமா?" சாவி வந்தது.

அடுத்த நோயாளி ஸுல்மா என்ற இளம்பெண். சிறுநீரகம் தர அவள் அம்மா தயார். நெலிடா மொத்தக் குடும்பத்தையும் குடுக்கைகளோடு வரச் சொன்னாள். ஒவ்வொருவராக நீட்ட வேண்டும், ஸுல்மா மறுக்க வேண்டும். "வேணாம் மாமா." "வேணாம் சித்தி." அம்மா நீட்டியதும் பெண்ணின் கை தானாக நீண்டது.

"போச்சு! செத்துட்டே!" என்று கத்தினாள் நெலிடா. "மறுபடியும்!"

"பிள்ளையை ஏன் இப்படி அழவைக்கிறீங்க?" என்று அம்மா சீறினாள்.

"பொணமானா அவ அழ மாட்டா. நீங்கதான் அழணும். நீட்டுங்க!"

மூன்றாம் முறைதான் அம்மாவை மறுக்க முடிந்தது. அப்போது நெலிடா கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அப்பாரிசியோவை உள்ளே அழைத்தாள். அவன் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வெந்நீர் ஊற்றிக் குடுக்கையை நீட்டினான்.

"வாங்கிக்கம்மா. வேணாம்னா எனக்கு அவமானம்."

ஸுல்மா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "வேணாம் அண்ணே."

அவன் கையை மடக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றான்.

"வேணாம் அண்ணே."

நெலிடா செவிலியிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல அறையைத் தயார் பண்ணு."