மெஷின் சத்தத்தில் இரண்டு மொழி

என் மாமா வெளிநாடு போனதற்கு நான்தான் காரணம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர்ட் பிளேருக்கு வடக்கே, ரங்கத் என்கிற தீவு ஊரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். படகு அணைகிற ஜெட்டிக்குப் போகிற வழியில், தாதா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெங்காலி அண்ணனின் ஷெட்டில் வெல்டிங் வேலை. டோங்கி என்று நாங்கள் சொல்கிற சின்னப் படகுக்கு இன்ஜின் தாங்கி, லாரிக்கு பாடி, கோயிலுக்கு கேட், எது வந்தாலும் ஒட்டுவார். கல்யாணம் ஆகவில்லை. சாப்பிடும்போது அம்மா மீன் தலையை அவருக்குப் போடுவாள். அப்பா அதைப் பார்ப்பார்.

அப்பா அரசு பஸ் டிரைவர். ஆம்பிளை அக்கா வீட்டில் எத்தனை நாள் சாப்பிடுவான் என்பது அவர் கேள்வி. நேராகக் கேட்கவில்லை. மெயின்லாண்டிலிருந்து வந்த ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கொடுத்தார். கப்பல் கட்டுகிற இடத்துக்கு வெல்டர் வேண்டும். இரண்டு நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒன்று கொரியா. இன்னொன்று லிதுவேனியா. அந்தப் பேரை அப்பா மூன்று விதமாகச் சொன்னார். மூன்றும் தப்பு. ஏதாவது ஒன்றுக்குத்தான் விண்ணப்பப் பாரம் எழுதலாம். எந்த நாடோ அந்த நாட்டுப் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்.

ஏஜெண்ட் ஒரு மெமரி கார்டு கொடுத்தார். அப்போது இங்கே நெட் இருந்தும் இல்லாத மாதிரிதான், சுற்றிக்கொண்டே இருக்கும். கார்டை மாமாவின் செல்லில் போட்டால் ஒரு பெண் முதலில் ஹிந்தியில் சொல்வாள், பிறகு கொரியனில். இன்னொரு ஃபைலில் லிதுவேனியன். மாமாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. கேட்டதையும் மறந்துவிடுவார். எனக்கு ஒன்பது வயது. நான் மறக்க மாட்டேன். அதனால் கார்டு என் பொறுப்புக்கு வந்தது.

இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்தேன். கொரியன் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுங்கள் என்பதற்கு அவர்களும் தண்ணீரை முதலில் சொல்லி, கொடுங்கள் என்பதைக் கடைசியில் வைக்கிறார்கள். முல் ஜுசெயோ. கடைசியில் வருகிற அந்த 'யோ' நம் 'ங்க' மாதிரி, மரியாதைக்கு. அப்பாவை அங்கேயும் அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டு அப்பாவே ஒரு தடவை சிரித்தார்.

லிதுவேனியன் கடைத்தெரு மாதிரி. கொடு என்று முதலில் கையை நீட்டிவிட்டுத்தான் தண்ணீருக்கே வருகிறார்கள். பல்லுக்கு தாந்திஸ். இரண்டுக்கு து, மூன்றுக்கு த்ரீஸ். பஜாரில் பேசுகிற ஹிந்தியின் வாசம் அடித்தது. நெருப்புக்கு உக்னிஸ். தாதா அதைக் கேட்டுவிட்டு, இது நம்ம அக்னிதானே, இதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும் என்றார். அங்கே ஆம்பிளைப் பேர் எல்லாம் 'ஸ்' என்று முடியும். நான் மாமாவை மாமாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

"மாமாஸ், எந்த ஊருக்குப் போவீங்க?"

"எந்தப் பேச்சு காதுல விழுதோ அங்க, பாப்பா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கப்பல் கட்டுகிற இடத்தில் முகத்தில் ஷீல்டு இருக்கும். நாலு பக்கமும் இரும்பு தேய்க்கிற சத்தம். அதற்கு நடுவில் ஒருத்தன் நில் என்று கத்துவான், நெருப்பு என்று கத்துவான். அது காதில் விழாவிட்டால் ஆள் காலி. அதனால் சத்தத்தில் எது கேட்கிறதோ அதற்குப் பாரம் எழுதுவது என்று மாமா முடிவு செய்தார்.

ஸ்கூல் விட்டதும் ஷெட்டுக்குப் போவேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரைண்டிங் மெஷினை இரும்புத் தகட்டில் வைத்து ஓட்டுவார். நான் ரோட்டோரம் பாதாம் மரத்தடியில் நின்று கத்த வேண்டும். கொரியனில் ஒன்று, லிதுவேனியனில் ஒன்று, மாற்றி மாற்றி. கேட்டால் கையைத் தூக்குவார். கொரியனில் சீக்கிரம் என்பதற்குப் பல்லி. நான் பல்லி பல்லி என்று கத்துவதைக் கேட்டு, சைக்கிளில் வந்த மீன்காரர் இறங்கி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

முதல் நாள் கொரியன் ஜெயித்தது. 'யோ'வை இழுக்கலாம். 'ஸ்' மெஷின் சத்தத்தில் கரைந்துபோனது. கொரியாதான் போல என்று மாமா வீட்டில் சொன்னார். அம்மா சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்று ஜெயித்தால் மாமா போய்விடுவார்.

மறுநாளிலிருந்து கள்ளத்தனம் பண்ணினேன். கொரியனை மெதுவாகச் சொன்னேன். லிதுவேனியனைக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். சமமாயிற்று. அதற்கடுத்த நாள் மாற்றிக்கொண்டேன். சில நாள் மறந்துபோய் இரண்டையும் பலமாகக் கத்திவிடுவேன். அன்றும் மாமா இல்லை என்று தலையைத்தான் ஆட்டுவார்.

"கேக்கல பாப்பா. பிர்சே, இன்னொரு தடவை சொல்லு."

என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

இப்படியே மழைக்காலம் பாதி போனது. என்ன ஆச்சு என்று அப்பா கேட்பார். ரெண்டும் சமமாத்தான் இருக்கு மச்சான் என்பார் மாமா. என்ன சமமோ என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பியை இரு என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா டூட்டி முடித்து, காக்கிச் சட்டையோடு நேராக ஷெட்டுப் பக்கம் வந்தார். மரத்தடியில் என் பக்கத்தில் நின்றார்.

"ம், கத்து."

மெதுவாகச் சொல்ல முடியாது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று லிதுவேனியன் முதலில். உக்னிஸ் என்று கத்தினேன். மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

கொரியனுக்கு வாயைத் திறந்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"போதும் பாப்பா. இதுதான் நல்லாக் கேக்குது."

"அப்ப நாளைக்கே பாரத்த எழுதிரு மாப்ள," என்றார் அப்பா. என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். ஒரே ஒரு சொல். தொண்டையைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

விசா வரச் சில மாதம் ஆனது. மாமா போர்ட் பிளேருக்குப் போனது அப்பா ஓட்டிய பஸ்ஸில்தான். அம்மா வறுத்த மீனும் சோறும் கட்டிக் கொடுத்தாள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் ஸ்டாண்டுக்கே வந்திருந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"நல்லாக் கத்துன பாப்பா. போ, ஜல்தி ஸ்கூலுக்குப் போ."

அந்த 'நல்லா'வை வருஷக்கணக்காகத் தூக்கித் திரிந்தேன்.

மாமா இன்னும் அங்கேதான். கடலோர ஊர்தான், ஆனால் கால் நனைக்க முடியாத குளிர் என்கிறார். இரண்டு தடவை வந்து போனார். இப்போது நெட் நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார். பேசும்போது நடுவில் நின்று தமிழ் வார்த்தையைத் தேடுகிறார். குடு பாப்பா போனை அம்மாகிட்ட என்கிறார். முன்பெல்லாம் அம்மாகிட்ட போனைக் குடு என்பார், குடு கடைசியில்தான் வரும்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரரும் வெல்டர். அதே ஷெட், இப்போது தாதாவின் மகன் நடத்துகிறார். போன மாதம் ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு சோறு கொண்டுபோனேன். வீட்டுக்காரர் திரும்பி நின்று கிரைண்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். செருப்பில் ஏறிய முள்ளை எடுக்க அதே பாதாம் மரத்தடியில் நின்றேன். மகளுக்கு மூன்று வயது. நின்ற இடத்திலிருந்தே அப்பா என்றாள். கத்தவில்லை. கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவர் திரும்பி, என்னம்மா என்றார்.

"இங்க நின்னு பேசினா கேக்குமா?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்காம? இந்தா இருக்கு மரம்."

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தேன். அத்தனை நாளும் மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லியே பாதி மழைக்காலம் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். நான் ஒருத்திதான் அவரைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்து, ஒன்பது வயதில் அந்த மரத்தடியில் நின்றேன்.