ஒன்பது மெழுகுதிரி

அம்மா ஒரு நாளில் எத்தனை தரம் சிரிக்கிறாள் என்று நான் எண்ணத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. அதற்கு முன்பு எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் சிரிப்பதெல்லாம் எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா வந்த பிறகு கணக்கு வேண்டியதாயிற்று. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்திய வருடம் ஆவணி மாதத்தில், வேலை தேடித் தூத்துக்குடிக் கப்பலில் வந்து கொழும்பில் இறங்கினார். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் ஓலைக் கொட்டானில் கருப்பட்டியும் கொண்டுவந்தார். கருப்பட்டி பதினெட்டு. எனக்குக் கிடைத்தது ஒன்றேகால்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறைகளும் ஒரு குசினியும் இருந்தன. அப்பா துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கிளாக்கர். யன்னலோரம் என் படுக்கை. மாமா வந்த அன்றே அது அவருடையதாகி, நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே போனேன். அந்த இடம் இரண்டடி எட்டு அங்குலம். அடிமட்டம் வைத்து அளந்தேன்.

பிறகு முட்டை. எங்கள் கோழி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். மாதம் பதினைந்து, அத்தனையும் என்னுடையவை. மாமா வந்த இரண்டாம் நாள் அந்த முட்டை அவருடைய பீங்கானில் இருந்தது.

“நீ பள்ளிக்கூடத்தில நிழலில இருக்கிறாய். மாமா வெயிலுக்குள்ள நடந்து வேலை தேடுறார்” என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் முட்டைக்காக மட்டும் அல்ல. மாமாவோடு இருக்கும்போது அம்மா வேறு ஆளாக இருந்தாள். எங்களோடு பேசும்போது ‘ஓம்’ என்பவள் அவரோடு ‘ஆமா’ என்றாள். என் அம்மாவின் வாயிலிருந்து ‘எலே’ என்ற சொல் வந்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அரிசி அளப்பதற்கு மாமா கொத்தை எடுத்து, ஒன்று என்பதற்குப் பதிலாக “லாபம்” என்று தொடங்கினார். லாபம், ரெண்டு, மூணு. அவர்கள் ஊர் உப்பளத்தில் முதல் மூட்டையை அப்படித்தான் சொல்வார்களாம். ஒன்று என்று சொல்லித் தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடுமாம். அதைக் கேட்டு அம்மா குசினித் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு மாமாவோடு ஏழு சிரிப்பு. என்னோடு இரண்டு. அப்பாவோடு ஒன்றும் இல்லை. அப்பா அதைக் கவனிக்கவும் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா மாமாவை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார்.

“கேளும் தம்பி, இது உம்மட ஊர் இல்லை. கோட்டைக்கு டிராமில போனால் சல்லி, நடந்தால் ஒண்டுமில்லை. வெறும் தேத்தண்ணி குடிச்சால் இரண்டு சதம், பால் ஊத்தினால் நாலு சதம். சாப்பாடு இங்க இருக்கு. மூண்டு மாசம் பாரும். அதுக்குப் பிறகு எனக்கு ஏலாது.”

“சரி அத்தான்” என்றார் மாமா.

திரும்பிப் போகும் கப்பல் காசை அப்பா அப்போதே ஓர் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். வேலை கிடைத்தால் அந்த உறை அப்பாவுக்கு. கிடைக்காவிட்டால் மாமா கப்பலுக்கு.

மூன்று மாதம் என்றால் பதின்மூன்று செவ்வாய். அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் திரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். கடையில் பன்னிரண்டு மெழுகுதிரி வாங்கினால் ஒன்று இனாம். அதனால் கணக்கும் சரியாக வந்தது. திரியை ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கோவில் இருக்கிறது என்பது ஒரு காரணம். சின்னப்பிள்ளை கேட்டால் அந்தோனியார் மறுக்கமாட்டார் என்பது இன்னொன்று.

முதல் நான்கு செவ்வாயும் என்னைப் போல உருக்கமாக அந்தக் கோவிலில் யாரும் மன்றாடியிருக்கமாட்டார்கள். மாமாவுக்கு வேலை கிடைக்கட்டும், உடனே கிடைக்கட்டும், தூரத்தில் கிடைக்கட்டும். நுகேகொடை போதும். கல்கிசை இன்னும் நல்லது. ஆற்றுக்கு அப்பால் வத்தளை என்றாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. வேலை கிடைத்த இளைஞர்கள் அறை எடுத்துப் போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் செவ்வாய்க்கு முந்திய நாள் அம்மா அப்பாவிடம் கதைத்ததைக் கேட்டேன்.

“வேலை கிடைச்சால் அவன் அறை ஒண்டும் எடுக்க வேண்டாம். அறைக்கு எட்டு ரூபா, கடைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு. அந்தக் காசை எங்களுக்கே தரட்டும். இங்கேயே இருக்கட்டும்.”

“அதுவும் சரிதான்” என்றார் அப்பா.

நான் நான்கு திரிகளை வீணாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. வேலை கிடைத்தால் மாமா நிரந்தரம். யன்னலும் முட்டையும் மீனின் நடுத்துண்டும் அவருக்கே நிரந்தரம். மாதம் இருபது ரூபா தருகிறவருக்கு அம்மா இன்னும் எத்தனை தரம் சிரிப்பாள்? மறுநாள் கோவில் வாசலில் நின்று யோசித்தேன். ஐந்தாவது திரி என் காற்சட்டைப் பைக்குள் போயிற்று. வீட்டில் அதை யன்னலுக்கு மேலே, கூரைமரத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்துக்குள் செருகினேன்.

எட்டாம் செவ்வாயன்று பிடிபட்டேன். அந்தோனியார் முன்னால் போய்ச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரியைப் பைக்குள் வைத்துத் திரும்பினால், தூணுக்குப் பின்னால் கடைசி வாங்குப் பலகையில் மாமா உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். குதிக்காலில் ஒரு காசளவு கொப்புளம். அந்த நேரத்தில் அவர் கோட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறிக்கொண்டிருக்கவேண்டும்.

“எலே மருமவனே, எத்தன ஆச்சு?”

“நாலு” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை; எண்ணிக்கை என்று வந்தால் இன்றைக்கும் என்னால் பொய் சொல்ல முடியாது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அப்பிடிச் சொல்லு. எனக்கு வேல கெடைக்காதது எம்மேல தப்பில்ல. நான் கம்பெனிக்காரன வைஞ்சிக்கிட்டுத் திரியுதேன்.”

“நீங்க ஏன் இங்க இருக்கிறீங்க?”

“பகல்ல வீட்டுக்கு வந்தா ஒங்கம்மா மொகத்தப் பாக்கணும். இங்க ஒக்காந்தா தேத்தண்ணி ரெண்டு சதமும் மிச்சம்.” சப்பாத்துக்குள் காலை மெல்ல நுழைத்தார். “நீ என்னப் பாக்கல. நான் ஒன்னப் பாக்கல. சரியா?”

அவர் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடி வாங்கியிருப்பேன், அவரை வெறுக்க ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. அன்று மாலை அவர் வெள்ளைக்கார மனேஜரைப் போல மூக்கால் பேசிக்காட்ட, அம்மா பதினொரு தரம் சிரித்தாள். அடுத்த செவ்வாய் நான் கோவில் வாசலில் யோசிக்க நிற்கவில்லை; திரி நேரே பைக்குள் போயிற்று.

பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு வேலை வந்தது. துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றில் மூட்டை எண்ணுகிறவர் தேவை என்று அப்பா கேள்விப்பட்டு வந்தார். படகிலிருந்து கூலிகள் மூட்டையைத் தோளில் கொண்டு போகப் போக, வாசலில் நின்று எண்ணிப் புத்தகத்தில் கோடு போடவேண்டும்.

“ஒரு சங்கதி” என்றார் அப்பா. “அக்கரையில இருந்து வந்த ஆக்களை எடுக்க வேண்டாம் என்று மேலிடத்தில சொல்லியிருக்காம். எங்க பிறந்தனீர் என்று கேட்டால் கொட்டாஞ்சேனை என்று சொல்லும். வாய்ப் பேச்சையும் கொஞ்சம் மாத்தும்.”

இரண்டு நாள் அம்மா மாமாவுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தாள். குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா இல்லலே. ஓம்.”

“ஓம்.”

“பேசுதேன் இல்ல. கதைக்கிறன்.”

“கதைக்கிறன். அக்கா, நீ இதெல்லாம் எப்பிடிப் படிச்ச?”

“ஆரு படிப்பிச்சா? வந்த புதுசில நான் வாயத் தொறந்தா அடுத்த வீட்டுக்காரிங்க சிரிப்பாளுவ. ஆறு மாசம் தொறக்கவே இல்ல.”

இதற்கு இருவரும் சிரித்தார்கள். நான் அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு மாமா போனார். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று அவரே நடித்துக் காட்டினார். பெரிய கிளாக்கர் பெயர் கேட்டார், பிறந்த இடம் கேட்டார். மாமா ஓம் போட்டுக் கொட்டாஞ்சேனைக்காரராகவே பதில் சொல்லியிருக்கிறார். பிறகு புத்தகத்தைக் கையில் கொடுத்து, படகில் வந்த மூட்டையை எண்ணிக் காட்டச் சொன்னார்கள். முதல் கூலி மூட்டையோடு வாசலைத் தாண்டினான். மாமா பென்சிலை வைத்துக் கோடு போட்டு, உரத்த குரலில்,

“லாபம்!”

“பெரிய கிளாக்கர் கண்ணாடியக் கழட்டிட்டான், அக்கா. ‘தம்பி, எந்த உப்பளத்தில இருந்து வாறீர்?’னு கேட்டான். நல்ல மனுசன். நூத்தி நாப்பது மூட்டையும் எண்ணி முடிக்க விட்டான். ஒண்ணு கூடப் பிசகல. பொறவு கையப் புடிச்சிச் சொன்னான், ‘நான் எடுத்தால் என்ட வேலை போயிரும்’னு.”

அம்மா சிரித்தாள். சிரித்தபடியே கோட்டை வாங்கி மடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் செவ்வாய்க்குரிய திரியையும் நான் ஏற்றவில்லை. கடைசி நேரத்தில் அந்தோனியார் மனம் மாறிவிடக்கூடாதே என்ற பயம்.

உறை அலுமாரியிலிருந்து இறங்கியது. இறங்குதுறையில் மாமா என் தோளில் கைவைத்துக் குனிந்தார்.

“மொத்தம் எத்தன, மருமவனே?”

“ஒன்பது.”

“பத்திரமா வையி. கிறிஸ்மஸுக்கு ஆவும்.”

யன்னல் எனக்குத் திரும்பியது. முட்டையும் திரும்பியது. நடுத்துண்டு மீன் என் பீங்கானில் தானாக வந்து விழுந்தது. நான் கணக்கைத் தொடர்ந்தேன். முதல் வாரம் முழுவதற்கும் அம்மாவின் சிரிப்பு இரண்டு. அதில் ஒன்று காலையில் பாண் விற்க வரும் பாண்காரனுக்கு. இரண்டாம் வாரம் ஒன்றும் இல்லை. மாமாவுக்குப் போனதெல்லாம் இனி எனக்கு வரும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கழித்தால் மறுபக்கத்தில் கூடவேண்டும் அல்லவா? எங்கே பிழை விட்டேன் என்று தெரியாமல் எரிச்சலாக இருந்தது. ஊரில் இருந்துகொண்டே மாமா எடுத்துக்கொள்கிறார் என்று அவர்மேல் பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை.

மார்கழியில், கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிப்பதற்காக அம்மா வாங்கின் மேல் ஏறிக் கூரைமரத்தைத் துடைத்தாள். துணியோடு அவள் கையில் திரிகள் வந்தன. ஓட்டுச் சூட்டில் இளகி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் கீழே சுண்ணாம்பு வாளியைப் பிடித்தபடி நின்றேன். அடி எங்கே விழும் என்று முதுகையும் காலையும் மாறிமாறி நினைத்துக்கொண்டேன்.

அம்மா இறங்கி வாங்கில் உட்கார்ந்து, ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் வைத்தாள். பத்து வருடமாகக் கடையிலும் சந்தையிலும் எங்களைப் போலவே ஒண்டு, ரெண்டு என்று எண்ணியவள்,

“லாபம்” என்றாள். “ரெண்டு. மூணு. நாலு...”

ஒன்பது வரை எண்ணினாள். என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. கையைக் கழுவி, சேலை மாற்றி, திரிகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தாள். அன்று செவ்வாய்க்கிழமைகூட இல்லை.

வளைந்த ஒன்பதையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஏற்றினாள். சாய்ந்தவற்றை மற்றவற்றோடு முட்டுக்கொடுத்தாள். எல்லாம் எரியத் தொடங்கிய பிறகும் முழங்காலிலேயே இருந்தாள். மாமாதான் போய்விட்டாரே, இனி யாருக்கு என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

“ஆருக்கு அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு” என்றாள்.

அந்தோனியாரிடம் எங்கள் வீட்டில் இருந்து கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே அம்மாவும் வேலை தேடுகிறாள் என்று முடிவு செய்தேன். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டால் காலையில் யார் எனக்கு முட்டை அவிப்பார்கள் என்ற கவலையோடு, அந்த ஒன்பது திரியும் அணையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.