கூரை முனையும் சுவரடியும்

அலுவலகத்தில் அவளுக்கு ‘அரை மீட்டர்’ என்று பெயர். யார் வரைபடத்தை நீட்டினாலும், “பிழை அரை மீட்டருக்குள்ள இருக்கா?” என்றுதான் முதலில் கேட்பாள். பத்தொன்பது வயதில் டிரேசிங் தாளில் படியெடுக்க வந்தவள். கணினி வந்தபோது யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு தானே கற்றாள். இப்போது தரச் சோதனை அவள் பொறுப்பு. அவள் கையெழுத்தில்லாமல் எந்த வரைபடமும் வாசல் தாண்டாது.

அன்று வந்தது வாய்க்கால் எல்லை வரைபடம். எல்லைக்கோடு பழைய தரை அளவையிலிருந்து எடுத்தது; வீடுகள் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்தவை. கரையோரத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள் கோட்டுக்குள், ஆக்கிரமிப்பாக வந்திருந்தன. கையெழுத்து விழுந்தால் அத்தனையும் இடிபடும்.

“தரையில அளந்த பதினஞ்சு புள்ளியோட படத்தைப் பொருத்தியாச்சு மேடம். எல்லாம் அரை மீட்டருக்குள்ள. உங்களுக்குப் பிடிச்ச நம்பர்,” என்றார் பிரிவு அதிகாரி. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“பொருத்தின புள்ளியை வச்சே சோதிச்சா எப்படி சார்? கேள்வித்தாள் போட்டவரே பரீட்சை எழுதின மாதிரி இருக்கு. சோதிக்கன்னு தனியா ஒதுக்கின புள்ளி எங்க?”

“அதுக்கெல்லாம் நேரமில்ல. நாளைக்குப் போகணும்.”

அவள் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினைந்தும் கடைவீதியின் நாலு மாடிக் கட்டடங்கள். படத்தில் கூரை முனைதான் பளிச்சென்று தெரியும். அங்கே புள்ளி குத்தியிருந்தார்கள். தரையில் அளக்கப் போனவர்களோ, குறிப்பேட்டின்படி, மாடிச் சாவி கிடைக்காமல், கருவியைச் சுவரடியில் வைத்திருந்தார்கள். சாய்வாக எடுத்த படத்தில் கூரை சுவரடிக்கு நேர் மேலே இருக்காது. ஒரு பக்கம் தள்ளி விழும். எல்லாம் ஒரே உயரம் என்பதால் எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தன. அதனால் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கூரையைச் சுவரடியோடு பொருத்தியதில் படம் முழுவதும் நகர்ந்து, தரையோடு மட்டும் ஒத்துப்போகவில்லை.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கருவியோடு கணவரின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

“வெளிய கூட்டிட்டுப் போன்னு கேட்டப்ப சந்தோஷப்பட்டேன். சாக்கடை மூடியைக் காட்டுற,” என்றார் அவர். “ரெண்டு வருஷத்துல ரிட்டையர்மென்ட். எதுக்கு இந்த வம்பு?”

“கருவிக் கம்பை நேராப் பிடிங்க. மட்டக் குமிழி நடுவுல இல்ல.”

சாக்கடை மூடிகள், பாலத்தின் அடிமூலைகள், சாலையின் வெள்ளைக் கோடுகள். தரையோடு தரையாகப் பன்னிரண்டு புள்ளிகள் அளந்தாள். வரைபடத்தில் பன்னிரண்டும் வாய்க்கால் பக்கமாக நாலு மீட்டர் நகர்ந்திருந்தன.

மறுநாள் சோதனைப் படிவத்தில் ‘பிழை 4.1 மீட்டர். ஏற்க இயலாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி படிவத்தை இரண்டு முறை படித்தார். “மேல கேட்டா நான் என்ன சொல்றது? உங்களைத் தூக்கி வேற ஊருக்குப் போட்ருவாங்க.”

“போடட்டும் சார். அங்கயும் இதையேதான் எழுதுவேன்.”

“வேற யாராவது கையெழுத்துப் போட்டா?”

“தாராளமா. என் அளவெல்லாம் கோப்புல பதிவாயிடுச்சு. அதுக்குக் கீழதான் அவர் போடணும். யாரு போடுறாங்கன்னு பார்க்க எனக்கும் ஆசை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திரும்பப் பொருத்த எத்தனை நாள்?”

“ஆறு.”

“மூணுல முடிங்க.”

“ஆறு சார்.”

ஆறாம் நாள் இருபத்திரண்டு வீடுகள் கோட்டுக்கு வெளியே நின்றன. ஒரு வீட்டின் பின்சுவர் மட்டும் ஒன்றரை மீட்டர் உள்ளேயே இருந்தது. அதை மறுபடி ஒருமுறை நேரில் போய் அளந்துவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டாள்.