ரெமிஜியஸ் படிக்க முடியாத எழுத்து

ரெமிஜியஸுக்குக் கண் மங்கத் தொடங்கியது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடுவதற்கு முன்பே மகன் படித்து பெங்களூருக்கு வந்துவிட்டார். லிங்கராஜபுரத்தில் வீடு, ஆடுகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பைலர் எழுதுவதுதான் அவர் தொழில். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். ஐம்பதை நெருங்கும்வரை அவர் வேறு எதையும் செய்ததில்லை.

சர்க்கரை நோய் ரொம்ப நாளாக இருந்தது. திரையில் வரிகள் நெளிவதுபோல் தெரிந்தபோது கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். சரியாகவில்லை. ஒருநாள் குறுக்கே வந்த ஆட்டோவைக் கடைசி நொடியில்தான் பார்த்தார். அதிலிருந்து ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். மனைவி ஆஷா கேட்டதற்கு முதுகு வலி என்றார். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பைலர் இணையாமல் நின்றது. அதன் பழைய பாதி சி பிளஸ் பிளஸ் மொழியிலும் புதிய பாதி ரஸ்ட் மொழியிலும் எழுதப்பட்டவை. தனித்தனியாகத் தயாராகும் இரண்டையும் கடைசியில் லிங்கர் என்ற நிரல் ஒன்று சேர்க்கும். ஒரு பாதி கூப்பிடும் பெயர் மறு பாதியில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். அந்தப் பெயர்கள் வாயில் நுழையாதவை. எழுத்தும் எண்ணுமாக ஒட்டிய நீளமான கோவைகள். அவற்றைப் புரியும்படி பிரித்துக் காட்டும் கருவி உண்டு. ரெமிஜியஸ் அதைத் தொடுவதில்லை. நேராகவே படித்துப் பழகியவர்.

புதிய பாதி கேட்ட ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றது லிங்கர். அவர் பழைய பாதியைத் திறந்து பார்த்தார். பெயர் அங்கே இருந்தது. இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது? கோப்புகளைச் சேர்க்கும் வரிசையை மாற்றினார். பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தயாரித்தார். லிங்கரையே மாற்றிப் பார்த்தார். ஒரு வாரம் போனது. கம்பைலரின் புதிய வெளியீடு தள்ளிப்போக, பக்கத்து இருக்கை முனிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஒசூர்க்காரன், இவரிடம் மரியாதை உள்ளவன்.

"ரெமி, பேரு ரெண்டும் வேற வேற."

"எப்படி வேற? ஒண்ணுதானேப்பா."

"கடைசி எழுத்தப் பாருங்க. நம்ம ரஸ்ட் பக்கம் ஐ. அங்க எல். போன மாசம் அந்த எண்ணோட அளவ சின்ன இன்ட்லருந்து பெரிய லாங்கா மாத்தினாங்கல்ல? இங்க பழைய பேரே நிக்குது."

ரெமிஜியஸ் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரிந்தன. முனிராஜ் எழுத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். அவர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, ஓரப் பார்வையால் தேடினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

முனிராஜுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"தெரியல. கொஞ்ச நாளாவே."

"வீட்ல தெரியுமா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். முனிராஜ் அந்த ஓர் எழுத்தைத் திருத்தி, அந்த எண்ணின் வகையைச் சொல்லும் வரியையும் புதிய அளவுக்கு மாற்றினான். கம்பைலர் இணைந்தது. வழக்கமாக அப்போது இருவரும் டீ குடிக்கக் கீழே இறங்குவார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆஷாவிடம் சாயங்காலம் சொன்னார். அவள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"முதுகு வலின்னீங்களே. தினமும் தைலம் தேச்சு விட்டேனே."

"பயமா இருந்துச்சு ஆஷா."

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா? சேந்து பயந்திருக்கலாமே."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

டாக்டர் ஒளிக்கவில்லை. இடது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, திரும்பாது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வலது கண்ணுக்கு ஊசி போட்டார்கள். பாதிக்குமேல் தேறியது. ஒவ்வொரு ஊசிக்கும் ஆஷா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள்.

வேலைக்குத் திரும்பிப் போனபோது மேலாளர் வீணாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை அவரிடம் இருந்த வெளியீட்டுப் பொறுப்பு முனிராஜிடம் போனது. கேட்டு வாங்கிக் கொடுத்தவர் ரெமிஜியஸ்தான். ஆனாலும் முதல் வெளியீட்டுக் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டுத் தன்னைக் கூப்பிடாதது அவருக்கு வலித்தது. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு மல்லுக்கட்டினார். ஒரு பெயரை எழுத்தெழுத்தாக அது ஒப்பித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும். இத்தனை வருடம் தொடாத அந்தப் பிரிக்கும் கருவியை இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பயன்படுத்துகிறார். வேலை முன்னைப்போல வேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆஷா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். மாதா கோவில் மைதானத்தில் அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பயந்தால் அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறார். பயமாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லவும் செய்கிறார்.